மாடிக்கு வரன்முறை, குடிசைக்குப் புல்டோசர்

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அனுமதி வாங்காமல் எழுப்பிய மாடிக்கு அரசுக் கோப்பில் பெயர் 'விதிமீறல்'. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவரின் வீட்டுக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. முன்னதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்துவிடலாம். பின்னதை இடித்தே ஆக வேண்டும். 2022 மே மாதம் சென்னை ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் அப்படி இடித்தபோது, பொறுக்க மாட்டாமல் ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார்.

மாடிக்காரர்களுக்குக் கிடைத்த கருணையின் வரலாறு நீளமானது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்ற பிரிவு நுழைக்கப்பட்டது. விதியை மீறிக் கட்டியவர் பணம் கட்டினால் போதும், கட்டடம் சட்டபூர்வமாகிவிடும். 2000இல் உச்ச நீதிமன்றம், இது ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில் அதை ஏற்றது. அரசோ காலக்கெடுவை 2002 வரை தள்ளிக்கொண்டே போனது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் பின்னால் வந்த திருத்தங்களை ரத்து செய்தது. 2007இல் அவசரச் சட்டம் வந்தது. 2012இல் 113-சி வந்தது. இதில் தி.மு.க., அ.தி.மு.க. என்று பேதமே கிடையாது. 'ஒரே ஒரு முறை' என்பதற்கு இத்தனை பதிப்புகள்!

இடையில் என்ன நடந்தது? 2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடம் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் செத்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் அந்தப் பகுதியின் பெருங்கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2012 ஜனவரியில், பொங்கல் வியாபாரம் கெடாமல், உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் சீல் அகன்றது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் எரிந்தது. அங்கும் அனுமதித்ததற்கு மேல் மாடிகள் இருந்தன. எரிந்து நின்ற கட்டடத்தை இடிக்கும்போது, இயந்திரம் ஓட்டிய தொழிலாளி ஒருவர் இறந்தார். சாகிறவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே.

"அது சொந்த நிலம், இது புறம்போக்கு, இரண்டும் ஒன்றா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. சொந்த நிலம் யாருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் வரலாறு வேண்டாம் என்பார்கள். 1892க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது? பட்டா இல்லாதவர்களாக ஒரு கூட்டத்தைத் தலைமுறைகளாக வைத்திருந்துவிட்டு, பட்டா இல்லை என்பதையே குற்றமாக்குவதுதான் இந்த ஊரமைப்பு.

சென்னைக் கதை மாப்பிள்ளையூரணிக்கு எதற்கு? அந்தத் தெருவின் மாடிகளில் நாள் முழுக்க நின்றவர்களில் பெரும்பகுதி தூத்துக்குடி, நெல்லைச் சீமையிலிருந்து பஸ் ஏறியவர்கள். 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்து அழுதவர்களுக்கு இது புதிதல்ல. இப்போது பெருங்கடைகளே தென்மாவட்டங்களுக்கு வருகின்றன. நகரத்துக்குள் மனை விலை ஏறினால் அவை தேடுவது நகரத்தின் ஓரத்தை. 2008இல் தூத்துக்குடி மாநகராட்சியானபோதும், பின்னர் அதன் எல்லை விரிந்தபோதும் ஊராட்சியாகவே நின்ற மாப்பிள்ளையூரணி அப்படியோர் ஓரம்.

இங்கே நாளை ஒரு பெருங்கடைக்கான திட்ட அனுமதி மனு வந்தால் அதிகாரிகள் என்னென்ன பார்ப்பார்கள்? சாலை அகலம், பக்க இடைவெளி, தீயணைப்பு வழி, வண்டி நிறுத்த இடம். 2019 கட்டட விதிகளில் கார் நிறுத்தத்துக்குத் தனிக் கணக்கே இருக்கிறது. அங்கே வேலை செய்யப்போகும் பெண் எங்கே தூங்குவாள், சாலையோரத்தில் கூடை வைத்து மீன் விற்பவர் எங்கே போவார் என்ற கணக்கு இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்தான். ஆனால் 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது.

கருத்துக்கேட்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டெர்லைட்டின் இரண்டாவது ஆலைக்கு அந்தக் கூட்டம் நடத்தாமலேயே அனுமதி தரப்பட்டது. 2018 மே 22 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள். மறுநாள், மே 23 அன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, மக்களிடம் கருத்துக் கேளுங்கள் என்றது. கேட்க வேண்டிய கேள்வியைப் பிணங்கள் விழுந்த பிறகு கேட்கச் சொல்லும் நாடு இது.

கலிபோர்னியாவில் இங்கிள்வுட் என்றொரு ஊர். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் பெரும்பான்மை. அங்கே கடை கட்ட வந்த வால்மார்ட், சுற்றுச்சூழல் ஆய்வையும் மக்கள் விசாரணையையும் தாண்டிக் குதிக்க, நேரடி வாக்கெடுப்பு என்ற வழியைப் பிடித்தது. 2004 ஏப்ரலில் சுமார் 60 சதவீத வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். இங்கிலாந்தில், நகர மையத்துக்கு வெளியே 2,500 சதுர மீட்டரைத் தாண்டும் கடை என்றால், அது மையத்தின் வியாபாரத்தை என்ன செய்யும் என்று ஆய்வறிக்கை கேட்கிறார்கள். முதலாளித்துவ நாட்டிலேயே கேட்கிற கேள்வியை இங்கே கேட்டால் 'வளர்ச்சிக்கு எதிரி' என்ற பட்டம்.

இங்கே நம் பக்கத்திலிருந்தே ஓர் எதிர்வாதம் வரும். அதை லேசாக ஒதுக்க முடியாது. சந்தை சாதியைக் கரைக்கும் என்று சந்திரபான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். இரட்டைக் குவளை வைத்த டீக்கடையை விட, யார் எந்தத் தெரு என்று கேட்காமல் பில் போடும் கடை மேல் அல்லவா? ஆமாம், மேல். 'அண்ணாச்சிக் கடையைக் காப்போம்' என்ற கோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேர நான் தயாரில்லை. கோயிலும் தெருவும் மறுக்கப்பட்ட நாடார் சமூகம் மகமை நிதி சேர்த்து, வணிகத்தால் நிமிர்ந்தது பெரிய வரலாறு. அதே பஜாரில் பறையருக்கும் பள்ளருக்கும் அருந்ததியருக்கும் எத்தனை கடை வாடகைக்குக் கிடைக்கிறது என்று வணிகர் சங்கங்கள் மே 5 மாநாட்டில் ஒருமுறையாவது பேசட்டும். அப்புறம் கைகோப்போம்.

ஆனால் பில் போடும் இயந்திரம் பற்று எழுதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும் நாட்களில், உப்பளத் தொழிலாளி வீட்டு அரிசி தெருமுனைக் கடையின் பற்று நோட்டில்தான் இருக்கிறது. அந்த நோட்டு ஒரு கண்ணியும்கூட, மறுக்கவில்லை. கண்ணியை அறுக்க வேண்டுமென்றால் வேலையில்லாக் காலத்து நிவாரணத்தை உயர்த்த வேண்டும். கடையை மட்டும் மாற்றினால் நோட்டு போகும், பசி இருக்கும்.

வாங்க வருகிறவரின் சாதியைக் கேட்காத கடை, விற்க நிற்கிறவரை எப்படி நடத்துகிறது? கடை ஊழியர் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டமன்றம் கூடி, கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. உட்காரும் உரிமை! கேரளம் 2018இலேயே செய்தது. நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்ட முதலாளிகள், தங்குமிடத்தையும் கழிப்பறையையும் தாங்களாகவே ஒழுங்காகத் தருவார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

ஆகவே கடை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால், அனுமதி கொடுக்கும் மேசையில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தொழிலாளர் தங்குமிடமும் கழிப்பறையும் வரைபடத்திலேயே இருக்கின்றனவா? உள்ளே விடும் வாடகைக் கடைகளில் பட்டியல் சாதியினருக்கும் மீனவப் பெண்களுக்கும் எத்தனை? சாலையோர வியாபாரிகளை அப்புறப்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் உண்டா? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. அந்தச் சட்டம் நகர உள்ளாட்சிகளுக்கு மட்டும்தான். ஊராட்சி எல்லையில் கூடை வைக்கும் பெண் சட்டத்தின் கண்ணுக்கே தெரியமாட்டாள். மாநில அரசு நினைத்தால், நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கும் அதே பாதுகாப்பைத் தனிச் சட்டமாகவே கொண்டுவரலாம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே, மனு எதுவும் வரும் முன்பே, இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வரவுப் பதிவு எண்ணை மறக்காமல் வாங்கி வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த எண்தான் முதலில் தேவைப்படும்.