கப்பலேறுமுன் பெட்டி கட்டுதல்

கடல் கடந்து செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லையென்பது தொல்காப்பியம். இன்றோ மும்பைவாழ் நம் குடும்பங்கள் பாட்டி முதல் பேரன் ஈறாகக் கொச்சி, இலட்சத்தீவு எனக் கப்பலில் உலாப் போய்வருகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் பெட்டி கட்டுகையில் இரயிற்பயணப் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

இரயிலில் பெட்டி நம் காலடியில் கிடக்கும். கப்பலிலோ பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வர். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரமாகலாம். ஆகவே முதியோரின் மருந்துகள், மருத்துவர் சீட்டு, அடையாள அட்டை, ஒரு மாற்றுடை ஆகியன கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்தனுப்புவது ஆபத்து. வேளை தவறினால் நடுக்கடலில் கடையேது? குமட்டல் மாத்திரையும் வாந்தி தொடங்கியபின் அவ்வளவாகப் பயன்தராது. மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே உட்கொள்ளல் நன்று.

இஸ்திரிப்பெட்டி, மின்கெண்டி, மின்குக்கர் முதலியவற்றைத் தீவிபத்துக்கு அஞ்சிக் கப்பலில் அனுமதியார். சோதனையில் அவை வெளிப்படின், நமக்கு முன்னரே நம் மானம் கப்பலேறிவிடும்! ஊறுகாய்க்கு இடமுண்டா என்பதையும் சீட்டு வாங்கும்போதே கேட்டறிக.

வீட்டுச் சாவியை, ஊரிலானால் சித்தப்பா வீட்டில் கொடுப்போம். இங்கே எதிர்வீட்டு மராத்தி அம்மையார்தாம் நமக்குச் சுற்றம். காஸ் அடுப்பை அணைத்து, உருளையையும் மூடி, கப்பலின் பெயரும் திரும்பும் நாளும் எழுதிய தாளைச் சாவியுடன் அவரிடம் கொடுத்தல் வேண்டும். கரை மறைந்தபின் நம் கைப்பேசி பேசாது.