தொகுதியை வரைந்தவரைக் கேட்பார் யார்?

குடிகளே அரசர் என்று புகழ்வதும், அக்குடிகளுக்கே முறைமன்றத்தின் வாயிலை அடைப்பதும் ஒரே சட்டப் பொத்தகத்தில் உள்ளன.

ஆதம்பாக்கத்தில் ஒப்போலை உரிமை பெற்ற ஒருவர், தம் ஆலந்தூர்ச் சட்டமன்றத் தொகுதியில் வென்றவரின் தேர்தல் முறைகேடானது எனக் கருதின், 45 நாள்களுக்குள் உயர் முறைமன்றத்தில் வழக்கிடலாம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் சார்பாண்மைச் சட்டம் அவ்வுரிமையைத் தந்துள்ளது. ஆனால், தொகுதிகளைப் பங்கிட்ட சட்டமே முறையற்றது என்று அவர் சொல்லப் புகுந்தால், அரசியலமைப்பின் 329-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. அச்சட்டத்தின் செல்லுமையை எம்மன்றத்திலும் வினவலாகாதாம்! வென்றவனை எதிர்க்கலாம், அவனை அளந்து தந்த மரக்காலை எதிர்க்கலாகாது!

இப்பூட்டின் வலிமையை முதலில் உணர்ந்தவரும் தமிழரே. நாமக்கல்லில் வேட்புத்தாள் தள்ளப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில், தேர்தல் நடக்கையில் முறைமன்றம் தலையிடாது என்றும், அவ்வுரிமை சட்டம் ஈந்ததே என்றும் 1952-இல் உச்ச முறைமன்றம் உரைத்தது.

அதன் விளைவு என்ன? 1962-இல் 41 ஆக இருந்த தமிழகத்தின் மக்களவை இடங்கள் 1967-இல் 39 ஆயின. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கு இதுவா பரிசு? 2021 ஆகத்தில் மதுரையிலமர்ந்த நடுவர்கள் கிருபாகரனும் புகழேந்தியும் இவ்விழப்பிற்கு 5,600 கோடி உருபா ஈடு தரலாகாதா என வினவினர். இழந்து 54 ஆண்டுகள் கழித்து எழுந்த கேள்வி அது!

வழக்குகளால் தேர்தல் தடைப்படும் என்பர் சிலர். தேர்தல் நாளில் தடை கேட்டால் அது பொருந்தும். வரையறைக்கும் தேர்தலுக்கும் இடையிலுள்ள காலத்தில் ஆராய்ந்தால் எது தடைப்படும்?

2024 சூலையில், பர்தோலித் தொகுதி வழக்கில், வரையறை ஆணை வெளிப்படையாகவே மனம்போன போக்கினதாய், அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாததாய் இருப்பின் முறைமன்றம் ஆராயலாம் என்று உச்ச முறைமன்றம் தெளிவுறுத்தியது. கதவு சற்றே திறந்தது. ஆயினும் சட்டத்தின் எழுத்து மாறவில்லை.

1976-இலும் 2001-இலும் வந்த திருத்தங்கள் இடப் பங்கீட்டை நிறுத்தி வைத்தனவே ஒழிய, குடிமகனுக்கு வழக்கிடும் உரிமையைத் தரவில்லை. 2026-க்குப் பிந்திய மக்கள் கணக்கெடுப்பு வரையே அக்காப்பு என 2001-இன் திருத்தம் எல்லையும் குறித்தது. ஆகவே, இனி வரையப்படும் எப்பங்கீட்டையும், தேர்தல் அறிவிப்பிற்கு முன், குறித்த காலத்துள், எக்குடிமகனும் எதிர்த்து வழக்கிடலாம் என 329-ஆம் பிரிவு திருத்தப்படல் வேண்டும். தமிழர் ஒவ்வொருவரும் தம் தொகுதி உறுப்பினரிடம் இதை எழுதிக் கேட்க வேண்டும். வாய்மூடி இழந்தவை அவ்விரண்டு இடங்களோடு நிற்கட்டும்!