துருவுக்குள்ளும் ஒரு கைவேலை

திமிரியில் ஒரு பழைய இரும்புக் கடை. குப்பையோடு குப்பையாய்த் துருவேறிய துப்பாக்கிக் குழாய் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்து எட்டிப் பார்த்தேன். உள்ளே மரைபோலச் சுருள் பள்ளங்கள்! குண்டைச் சுழற்றி நேரே அனுப்பும் அந்தப் பள்ளங்களால்தான் அதற்கு 'ரைஃபிள்' என்று பெயர். மறுவாரம் போனால், "உருக்கப் போயிடுச்சுப்பா" என்றார் கடைக்காரர்.

1907-இல் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த ரைஃபிளை, அதைச் செய்த ரிக்பி கம்பெனியே விலைக்கு வாங்கி, 2016-இல் குமாவூன் மக்களிடம் கொண்டுவந்து காட்டியது. நாமோ எடைக்குப் போடுகிறோம்!

வேட்டைக்கு 1972 வனவிலங்குச் சட்டம் போட்ட பூட்டு சரிதான். கைவேலையையுமா உருக்கணும்? வீட்டுப் பரணில் பழசு கிடந்தால் எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க. பழைய மெருகு போனா மதிப்பும் போச்சு. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி, லைசென்ஸுக்கோ மியூசியத்துக்கோ முறையாக வழி தேடுங்க. பேர் தெரியாத ஒரு தொழிலாளியின் உழைப்பு பிழைக்கட்டும்!