பழைய சோறும் பழைய மருந்துச் சீட்டும்

நம்ம மக்களுக்கு வாட்ஸப்பில் புதுசா ஒரு குலதெய்வம் கிடைச்சிருக்கு. பேரு குடல் பாக்டீரியா. பழைய சோறு சாப்பிடு, தயிர் சாப்பிடு, நல்ல பாக்டீரியா பெருகும், எலும்பு இரும்பாகும், முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை! இங்கே புனேயில் எங்க தமிழ்க் குடும்பங்கள் குழுவில் இந்த வாரம் மட்டும் மூணு தடவை வந்தாச்சு. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான் சாமி. ஆனா அவங்க யாரும் தினம் காலையில் ப்ரெட்னிசோலோன் முழுங்கலையே!

குடல் பாக்டீரியாவுக்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்லலை. நிஜமாவே இருக்கு. 2012ல் ஸ்வீடனில், உடம்பில் ஒரு கிருமிகூட இல்லாம வளர்த்த எலிகளை ஆராய்ந்தாங்க. எலும்பு மெலிஞ்சிருக்கும்னுதானே நினைப்பீங்க? சாதாரண எலிகளைவிட அதிகமா இருந்தது! குடலில் இருக்கிற கிருமிகள் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும். அதன் வழியா எலும்பை அரிக்கிற வேலை கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். பாக்டீரியான்னாலே நல்லதுன்னு சொல்றது அங்கேயே அடிபட்டுப் போச்சு.

2020ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு எலி ஆய்வு. ஸ்டீராய்டு கொடுத்தா எலும்பு குறையும், தெரிஞ்சதுதான். ஆனா ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் கிருமிகளை ஒழிச்ச எலிகளுக்கு அப்படிக் குறையலை. லாக்டோபாசில்லஸ் ரியூடெரி என்கிற பாக்டீரியாவைக் கொடுத்தப்பவும் குறையலை. அதாவது, ஸ்டீராய்டு எலும்பில் கைவைக்கிறதில் ஒரு பங்கு குடல் வழியா நடக்குது. அருமையான கண்டுபிடிப்பு.

ஆனா எலி வேற, எங்கம்மா வேற. இதே பாக்டீரியாவை 2018ல் ஸ்வீடனில் 75 முதல் 80 வயசுக்குட்பட்ட 90 பெண்களிடம் ஒரு வருஷம் சோதிச்சாங்க. கால் எலும்புத் தேய்மானம் கொஞ்சம் குறைஞ்சது. உடனே ஊரெல்லாம் தண்டோரா. 2024ல் வெளிவந்த பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற 239 பெண்கள், ரெண்டு வருஷம். வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுக்கு யாரும் தண்டோரா போடலை! போதாக்குறைக்கு ரெண்டுமே ஸ்டீராய்டால் வரும் தேய்மானத்துக்கான சோதனையே இல்லை. இட்லி மாவில் பாக்டீரியா இருக்கேன்னு ஒருத்தர் கேட்டார். ஆவியில் வெந்ததும் செத்துடும் ஐயா.

என் கோபம் தயிர் மேல இல்லை. அம்மா அப்பா ஊரில், நாம இங்கே. மூட்டுக்கு ஒரு டாக்டர், மூச்சிரைப்புக்கு ஒரு டாக்டர், வயித்துக்கு ஒரு டாக்டர். மூணு சீட்டையும் சேர்த்து வச்சுப் பார்க்க ஆளில்லை. இங்கே ஒரு மருந்துக்கடையில் ரெண்டு வருஷப் பழைய சீட்டைப் பார்த்துட்டு என் கண் முன்னாடியே ஸ்டீராய்டு அட்டையை எடுத்துக் கொடுத்தாங்க, ஒரு கேள்வி இல்லை. நாம என்ன பண்றோம்? ஞாயித்துக்கிழமை போன் போட்டு "தயிர் சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்கிறோம்.

கேட்க வேண்டியது வேற. ப்ரெட்னிசோலோன், டெஃப்ளாசகார்ட் மாதிரி மாத்திரை இருக்கா? எத்தனை மாசமா? ஸ்டீராய்டு எலும்பை வேகமா அரிக்கிறது முதல் சில மாசத்திலேயே. ஒரு நாளைக்கு 2.5 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல, மூணு மாசத்தைத் தாண்டிச் சாப்பிடறவங்களுக்கு எலும்பு முறியும் அபாயத்தைக் கணக்கிடணும்னு அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதல் சொல்லுது. அளவைக் குறைக்க முடியுமா, டெக்ஸா ஸ்கேன் வேணுமா, கால்சியமும் வைட்டமின் டியும் போதுமா, எலும்புக்குன்னு தனி மருந்து வேணுமா? இதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்க.

அப்படியே அந்த கேஸ் மாத்திரையையும் பாருங்க. பாண்டோப்ரசோல் வகையறா. அது குடல் கிருமிகளையும் மாத்தும். அதிக அளவில், அல்லது ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டா எலும்பு முறிவு அபாயம் கூடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010லேயே எச்சரிச்சது. அதுதான் காரணம்னு நிரூபணம் ஆகலை. ஆனா "இன்னும் வேணுமா டாக்டர்?"னு கேட்கக் காசா பணமா?

ஒண்ணு மட்டும் முக்கியம். இதைப் படிச்சுட்டு "ஸ்டீராய்டை நிறுத்தும்மா"ன்னு போன் போட்டுடாதீங்க. நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லி, படிப்படியாத்தான் குறைக்கணும்.

தயிர் சாப்பிடட்டும், பழைய சோறும் சாப்பிடட்டும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது முறுக்கு டப்பாவுக்கு முன்னாடி மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அதனாலதான் டாக்டரிடம் கேட்கச் சொல்றேன், வாட்ஸப்பிடம் இல்லை.