சித்திரையில் தொடங்கும் தோட்டம்

ஆடி பிறந்ததும் நர்சரிகளில் கூட்டம் கூடும். வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைப் பாக்கெட், ஒரு மூட்டை மண்புழு உரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவந்து மாடியில் அடுக்கிவிடுவார்கள். ஆடிப்பட்டத்தில் விதைப்பது சரிதான். ஆனால், முதன்முதலாக இயற்கை வழியில் காய்கறி வளர்க்க நினைப்பவர் அந்த வேலையைச் சித்திரையிலேயே, அதுவும் சமையலறையில் தொடங்கியிருக்க வேண்டும். காய்கறிக் கழிவு மட்கி உரமாக ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் இருப்பதும் அதே மூன்று மாதம்தான்.

இந்தக் கணக்குக்கு வயது நூறை நெருங்குகிறது. ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1920களில் இந்தூரில் பணியாற்றினார். வயல் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் மட்கு உரம் எடுக்கும் முறையை அங்கே வகுத்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய ஆய்வாளருடன் சேர்ந்து 1931இல் அதை நூலாகவும் வெளியிட்டார். இந்திய உழவர்களைத் தன் ஆசிரியர்களாகவே மதித்தவர் அவர். உலகெங்கும் பரவிய இயற்கை வேளாண்மைக்கு அடித்தளமான முறைகளில் ஒன்று, ‘இந்தூர் முறை’ என்ற பெயரோடு இந்த மண்ணிலிருந்து போனது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

மாடிக்கு அவ்வளவு பெரிய குவியல் வேண்டாம். பக்கவாட்டில் துளையிட்ட, மூடியுள்ள ஒரு டிரம் போதும். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, மேலே கொஞ்சம் புளித்த மோர், வாரம் ஒருமுறை கிளறல். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் இரண்டு கை சருகு போட்டுக் கிளறினால் சரியாகும். அந்தச் சருகைத்தான் நம் தெருமுனைகளில் தீ வைத்துக் கொளுத்துகிறோம். வேதனையான விஷயம் இது.

டிரம்மில் உரம் மட்கும் மூன்று மாதத்தில் செய்ய வேறு வேலையும் உண்டு. மாடியில் வெயில் எங்கே, எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பார்த்துவைக்க வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் தேவை. கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். பிறகு தளத்தின் தாங்குதிறன். ஒரு கன அடி ஈரமண் நாற்பது கிலோவுக்கு மேல் எடை வரும். அதனால்தான் செம்மண், மட்கு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலக்கிறார்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும்.

விதையிலும் கவனம் வேண்டும். கடையில் இளஞ்சிவப்பு நிறம் பூசி வரும் விதைகள் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி தடவியவை. வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது. நாட்டு ரகம் என்றால் நன்கு காய்த்த செடியில் இரண்டு காயை முற்றவிட்டு அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கலாம்.

முதல் பருவத்துக்கு முளைக்கீரை, வெண்டை, கொத்தவரை போதும். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். செழிக்கட்டும் என்று உரத்தை அள்ளிப் போடக்கூடாது. தழைச்சத்து மிகுந்தால் தளிர் மென்மையாகி அசுவினி மொய்க்கும்.

தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் தருவது நல்ல காரியம். அதோடு உரம் தயாரிக்கும் டிரம் ஒன்றையும் சேர்த்து, சித்திரையிலேயே கொடுத்தால், புதிதாகத் தொடங்குபவர் ஆடியில் உரம் தேடிக் கடைக்கு ஓட வேண்டியிருக்காது. உள்ளாட்சிகள் பூங்காச் சருகை மூட்டை கட்டி இவர்களுக்கே கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.