பூட்டப்படாத துப்பாக்கியும் பெற்றோரின் பொறுப்பும்

பிள்ளை செய்த குற்றத்துக்காக, பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாகாது என்பது, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே நூற்றாண்டுகளாக வளர்ந்துவந்த ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் ஆழ வேரூன்றிய கொள்கையாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த இரண்டு தீர்ப்புகள் அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. ஆனால் அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை அதுவரை யாரும் காட்டாத அளவுக்குத் தெளிவாகக் காட்டின. பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற ஒரு சிறுவனின் தாயும் தந்தையும், அந்த நான்கு மரணங்களுக்கே பொறுப்பாளிகள் எனத் தனித்தனி நடுவர் குழுக்களால் தீர்மானிக்கப்பட்டனர். பள்ளியில் பலரைச் சுட்டுக் கொன்ற மாணவனின் பெற்றோர் உயிரிழப்புக்காகவே தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதல்முறை.

இழப்பீடு வழங்கும் பொறுப்பைப் பொறுத்தவரை இதில் புதுமை ஏதுமில்லை. பிரான்சின் உரிமையியல் சட்டப்படி, உரிய வயதடையாத பிள்ளை விளைவித்த சேதத்தைப் பெற்றோர் ஈடுசெய்ய வேண்டும். தம் வளர்ப்பிலும் கண்காணிப்பிலும் குறையே இல்லை என்று அவர்கள் நிறுவினாலும் அப்பொறுப்பு நீங்காது என 1997இல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க மாநிலங்களும் பெற்றோரிடமிருந்து இழப்பீடு பெற வழிசெய்யும் சட்டங்களை வைத்திருக்கின்றன என்றாலும், பெரும்பாலும் தொகைக்கு உச்சவரம்பு விதித்துள்ளன. பிள்ளை வேண்டுமென்றே செய்த தீங்குக்கு மிச்சிகன் விதித்திருக்கும் வரம்பு 2,500 டாலர் மட்டுமே. உரிமையியல் சட்டம், நேர்ந்துவிட்ட இழப்பை யார் தாங்குவது என்ற கேள்விக்கு விடை தேடுவதால், குற்றமற்றவர் மீதும் அந்தச் சுமையை ஏற்ற அதற்கு இடமுண்டு. குற்றவியல் சட்டத்துக்கு அந்த இடம் இல்லை. அது ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதால், அவருடைய சொந்தச் செயலிலோ செயலின்மையிலோ குற்றம் இருந்தாக வேண்டும். சிறார் நெறிதவறத் துணைபோவதைக் குற்றமாக்கிய முதல் சட்டத்தை 1903இல் கொலராடோ மாநிலம் இயற்றியதிலிருந்து, அவ்வகைச் சட்டங்கள் பரவினாலும் அவற்றின் தண்டனைகள் பெரும்பாலும் சிறியவையாகவே இருந்தன.

மிச்சிகன் வழக்கின் பின்னணி ஓக்லண்ட் கவுண்டியில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியாகும். 2021 நவம்பர் 30 அன்று அங்குப் பயின்ற பதினைந்து வயது மாணவன், பதினான்கு முதல் பதினேழு வயது வரையிலான நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதோடு, வேறு ஆறு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் காயப்படுத்தினான். அவன் கையில் இருந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, அதற்கு நான்கு நாள் முன்னர், அவனையும் உடன் அழைத்துச் சென்ற தந்தை ஜேம்ஸ் கிரம்ப்ளியால் வாங்கப்பட்டதாகும். மறுநாள் தாய் ஜெனிஃபர் கிரம்ப்ளி அவனைச் சுடும் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். நவம்பர் 29 அன்று அவன் வகுப்பில் கைப்பேசியில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததைக் கண்ட பள்ளி, தாய்க்குத் தகவல் சொன்னது. தாயோ தனக்குக் கோபமில்லை என்றும், அகப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பொருள்படும் குறுஞ்செய்தியை மகனுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை நடந்ததே இவ்வழக்கின் மையம். கணக்குத் தாள் ஒன்றில் துப்பாக்கியையும், தோட்டாவையும், சுடப்பட்டுக் கிடக்கும் மனிதரையும் வரைந்து, எண்ணங்கள் நிற்க மறுக்கின்றன என்றும் உதவி வேண்டும் என்றும் அவன் எழுதியிருந்ததை ஆசிரியர் ஒருவர் கண்டார். பெற்றோர் இருவரும் பள்ளிக்கு வரவழைக்கப்பட்டனர். மகனை அன்றே மனநல உதவிக்கு அழைத்துச் செல்லுமாறு மாணவர் ஆலோசகர் கேட்டபோது, வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று கூறி அவர்கள் மறுத்தனர். வரைபடத்தில் இருந்த துப்பாக்கி, சில நாள் முன்பு தாங்கள் வாங்கிய துப்பாக்கியை ஒத்திருந்தபோதிலும், அப்படியொன்று வீட்டில் இருப்பதை அவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்குச் சென்று அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. அது அப்போது அவன் பையில் இருந்தது. பள்ளி ஊழியர்களும் அந்தப் பையைத் திறந்து பார்க்காமல் அவனை வகுப்புக்கு அனுப்பினர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுடும் ஓசை கேட்டது. துப்பாக்கியுடன் கடையில் தரப்பட்ட கம்பிவடப் பூட்டு, பிரிக்கப்படாத உறைக்குள்ளேயே வீட்டில் கிடந்ததைப் புலனாய்வாளர்கள் கண்டனர். அதைப் பூட்டச் சில நொடிகளே பிடிக்கும் என்பதை அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்டு நடுவர் குழுவின் கண்முன்னே செய்து காட்டினார்.

கிரம்ப்ளி தம்பதியர் மீது சாட்டப்பட்ட குற்றம், கொல்லும் நோக்கமின்றி மரணம் விளைவித்தல் என்பதாகும். இதை நிறுவ மிச்சிகன் சட்டத்தில் அரசுத் தரப்பு இரு வழிகளைக் கையாண்டது. ஒன்று, கொடும் அலட்சியம்: ஆபத்து கண்முன் நிற்பதை அறிந்தும், சாதாரணக் கவனத்தால் அதைத் தவிர்க்க முடியும் என்ற நிலையிலும், எதுவும் செய்யாதிருப்பது. மற்றொன்று, சட்டக் கடமையிலிருந்து தவறுதல்: உரிய வயதடையாத பிள்ளை பிறருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று அறிந்திருக்கையில், அவனைக் கட்டுப்படுத்த நியாயமான கவனம் செலுத்தும் கடமை பெற்றோருக்கு உண்டு. இரு வழிகளிலும் குறுக்கே நின்றது காரணத்தொடர் பற்றிய வாதம். சுட்டவன் வேறொருவன், தன் விருப்பத்தால், திட்டமிட்டுச் சுட்டான், இடையில் நிகழும் அத்தகைய சுதந்திரச் செயல், முன்னவரின் அலட்சியத்துக்கும் மரணத்துக்கும் இடையிலான தொடரை அறுத்துவிடும் என்பது பழைய சட்ட விதி.

மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மார்ச்சில் இவ்வாதத்தை நிராகரித்து விசாரணைக்கு வழிவிட்டது. இடையில் நிகழ்ந்த செயல் நியாயமான மனிதரால் முன்னுணரத்தக்கதாக இருந்தால், தொடர் அறுவதில்லை என்பதே அதன் விடை. மகனின் மனநிலை, அவனுக்கென வாங்கிய துப்பாக்கி, அன்று காலையில் கையில் தரப்பட்ட வரைபடம் ஆகிய மூன்றையும் ஒருசேர அறிந்தவர்களால், அவன் யாரையேனும் சுடக்கூடும் என்பதை உணர முடியாது என்று சொல்வதற்கில்லை. இவ்வளவு நெருக்கமான அறிகுறிகள் இல்லாத குடும்பங்கள் மீதும் நாளை இத்தீர்ப்பு திருப்பப்படக்கூடும் என்ற கவலையையும் அந்த நீதிமன்றம் மறைக்காமல் பதிவு செய்தது. தீர்ப்பின் மதிப்பு, அது திறந்துவிட்ட வழியில் இருப்பதைப் போலவே இந்தக் கவலையிலும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 9 அன்று நீதிபதி ஷெரில் மாத்யூஸ் இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதித்தார்.

இத்தீர்ப்புக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் வலுவானது, அரசின் இரட்டை நிலையைச் சுட்டும் வாதம். அச்சிறுவன் வயதுவந்தவனாகக் கருதப்பட்டு வழக்கை எதிர்கொண்டான். 2023 டிசம்பரில் பரோலுக்கு வாய்ப்பற்ற வாழ்நாள் சிறை பெற்றான். தன் செயலுக்கு முழுப் பொறுப்பேற்கும் முதிர்ச்சி அவனுக்கு இருந்தது என்று ஒரு நீதிமன்ற அறையில் வாதிட்ட அரசு, பெற்றோரின் கட்டுப்பாட்டில் இருந்த சிறுவன் அவன் என்று அடுத்த அறையில் எப்படி வாதிட முடியும்? ஒரே மரணத்துக்குப் பலர் காரணமாக இருக்க முடியும் என்ற சட்டக் கோட்பாடு இதற்குப் பாதி விடைதான். மீதியை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்: பதினைந்து வயதுப் பிள்ளையை வயதுவந்தவனாக்கித் தண்டிக்கும் வழக்கமே இம்முரணின் ஊற்று. களைய வேண்டியது அதைத்தானே தவிர, பெற்றோரின் கடமையை அல்ல.

தாயின் விசாரணையில் நேர்ந்த மற்றொன்றும் வருந்தத்தக்கது. அவர் குதிரைகளோடு கழித்த நேரமும், மணவாழ்வுக்கு வெளியே கொண்டிருந்த உறவும் சாட்சியத்தில் இடம்பெற்றன. இவற்றுக்கும் பூட்டப்படாத துப்பாக்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; நல்ல தாய் எப்படி இருக்க வேண்டும் என்ற சமூகத்தின் எதிர்பார்ப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், விசாரிக்கப்படுவது குற்றமா, ஒழுக்கமா என்ற எல்லை அழிந்துவிடுகிறது. வழக்கை நிறுவத் தேவையான சான்றுகள் அவை இல்லாமலே நிறைந்திருந்தன.

மிச்சிகனில் நடந்ததன் பொருளை ஜெர்மனியின் வின்னென்டன் வழக்கோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த அவ்வூரில் 2009 மார்ச் 11 அன்று பதினேழு வயது இளைஞன், தான் பயின்ற பள்ளியிலும் தப்பிச் சென்ற வழியிலுமாகப் பதினைந்து பேரைச் சுட்டுக் கொன்றபின் தன்னையும் மாய்த்துக்கொண்டான். சுடும் சங்கம் ஒன்றின் உறுப்பினரான தந்தை, தன் ஏனைய ஆயுதங்களைப் பெட்டகத்தில் பூட்டிவைத்து, ஒரு கைத்துப்பாக்கியை மட்டும் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தார். துப்பாக்கிகளைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே சட்டம். ஆகவே தந்தை எந்த விதியை மீறினார் என்பதில் ஐயம் எழவில்லை. மகனின் உள்ளத்தில் இருந்ததை அவர் எந்த அளவுக்கு அறிந்திருந்தார் என்பதே சர்ச்சையாயிற்று. 2011இல் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்ட அவருடைய வழக்கு, நடைமுறைக் குறையால் மறுவிசாரணைக்குச் சென்று, 2013இல் நிறுத்திவைக்கப்பட்ட ஒன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனையில் முடிந்தது. அதாவது நன்னடத்தையின் பேரில் அவர் சிறை செல்ல வேண்டியதில்லை. அதே 2009ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, துப்பாக்கி உரிமையாளரின் வீட்டில் ஆயுதங்கள் முறையாக வைக்கப்பட்டுள்ளனவா என்று சந்தேகம் ஏதுமில்லாமலேயே சோதிக்கும் அதிகாரம் அலுவலர்களுக்கு வழங்கப்பட்டது.

மிச்சிகனிலோ 2021இல், சிறுவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைக்க வேண்டும் என்ற சட்டமே இல்லை. பூட்டாமல் வைத்திருந்ததற்காக மட்டும் கிரம்ப்ளி தம்பதியரை முதல்நாள் யாரும் தண்டித்திருக்க முடியாது. நான்கு பேர் இறந்த பிறகே அது பதினைந்து ஆண்டுச் சிறைக்குரிய குற்றத்தின் உறுப்பாயிற்று. ஜெர்மனியின் தண்டனை மென்மையானது, ஆனால் அதன் கடமை முன்கூட்டியே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மிச்சிகனின் தண்டனை கடுமையானது, ஆனால் கடமையை நீதிமன்றம் பின்னோக்கிப் பார்த்து வகுக்க வேண்டியிருந்தது. உயிர் காக்கும் ஆற்றல் முன்னதற்கே அதிகம் என்பதில் ஐயமில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் 2008 முதல் 2017 வரை நடந்த 41 தாக்குதல்களை அந்நாட்டு ரகசியச் சேவைப் பிரிவு ஆராய்ந்தபோது, துப்பாக்கியால் தாக்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் அதைப் பெற்றோரின் அல்லது நெருங்கிய உறவினரின் வீட்டிலிருந்தே எடுத்திருந்தனர் என்று தெரியவந்தது. பிள்ளையின் மனத்தைப் படிக்கும் திறன் எல்லாப் பெற்றோருக்கும் வாய்க்காது. பூட்டும் சாவியும் எல்லோருக்கும் வாய்க்கும்.

இந்தக் காரணத்தாலேயே, பெற்றோரின் குற்றவியல் பொறுப்பைக் கிரம்ப்ளி வழக்கின் குறுகிய எல்லைக்குள் நிறுத்துவது இன்றியமையாதது. ஆபத்தைப் பற்றிய குறிப்பான அறிவு, தீங்குக்கான கருவியைத் தாமே பிள்ளையின் கைக்கு எட்டச் செய்தது, எளிய செயலால் தடுக்கும் வாய்ப்பு இருந்தும் தவறவிட்டது ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தாலொழிய, ஒரு தாயையோ தந்தையையோ மரணத்துக்குப் பொறுப்பாக்கலாகாது. பிள்ளை சண்டைக்காரன், பள்ளியிலிருந்து அடிக்கடி புகார் வருகிறது, இரவுப்பணி செய்யும் தாயால் அவனைக் கவனிக்க முடியவில்லை என்பன போன்ற நிலைகளையும் குற்றமாக்கத் தொடங்கினால், அதன் பாரம் வசதியற்ற குடும்பங்கள் மீதே விழும். 2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் நால்வர் கொல்லப்பட்டபோது, பதினான்கு வயது மாணவனின் தந்தை மறுநாளே கைதுசெய்யப்பட்டார். மகனின் மிரட்டல்கள் குறித்து முந்தைய ஆண்டே காவல்துறை வீட்டுக்கு வந்து விசாரித்த பின்னரும் அவனுக்குத் துப்பாக்கியைப் பரிசளித்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. இத்தகைய வழக்குகள் எல்லைக்குள் அடங்குவன. எல்லைக்கு வெளியே இருப்பவற்றுக்குத் தேவை மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், குடும்பத்துக்கு வருமானம், சிறை அல்ல.

ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. பள்ளி வாரியம் அமர்த்திய தனி நிறுவனம் ஒன்று 2023 அக்டோபரில் அளித்த ஐந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கை, அன்று காலையில் முறையான அச்சுறுத்தல் மதிப்பீடு, அதாவது ஒரு மாணவனால் பிறருக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பலதுறையினர் சேர்ந்து ஆராயும் நடைமுறை, மேற்கொள்ளப்படவே இல்லை என்று கண்டது. ஆயினும் ஊழியர் எவர்மீதும் குற்றவழக்கு இல்லை. குடும்பங்கள் தொடுத்த இழப்பீட்டு வழக்குகளும், அரசு ஊழியருக்கு மிச்சிகன் சட்டம் அளிக்கும் விலக்குரிமையால், மரணத்துக்கு ஆக நேரடியான காரணம் சுட்டவனே என்ற அடிப்படையில் மாநில நீதிமன்றங்களில் தள்ளுபடியாயின. பெற்றோரைப் பொறுத்தவரை அறுபடாத காரணத்தொடர், பள்ளியைப் பொறுத்தவரை அறுந்துவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் வெவ்வேறு அளவுகோல்கள் என்று சட்ட வல்லுநர் விளக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அந்த விளக்கம் போதாது. அந்த விலக்குரிமையை மிச்சிகன் சட்டமன்றம் திருத்தும்வரை, அன்று காலை அந்த அறையில் அமர்ந்திருந்த பெரியவர்களுள் பாதிப்பேரின் கணக்கு தீர்க்கப்படாமலே இருக்கும்.

துப்பாக்கியைப் பொறுத்தமட்டில் அச்சட்டமன்றம் தன் கடமையைப் பிந்தியேனும் செய்தது. சிறுவர் இருக்கும் வீட்டில் கவனிப்பாரின்றி விடப்படும் துப்பாக்கியைப் பூட்டிவைக்க வேண்டும் என்றும், தவறினால், சிறுவன் கையில் அது சிக்கி உயிரிழப்பு நேரும்பட்சத்தில் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை என்றும் விதிக்கும் சட்டம் 2023இல் நிறைவேறி, ஜெனிஃபர் கிரம்ப்ளி குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட ஒரு வாரத்துக்குப் பின், 2024 பிப்ரவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்கள் அடுத்த வழக்குக்காகக் காத்திராமல் அதை இப்போதே இயற்ற வேண்டும்.