சுவருக்கும் ஒயருக்கும் நடுவே 4 அடி போதுமா? கட்டுமானப் பணியில் உயிரைப் பறிக்கும் மின்கம்பிகள்

மாடிக்குக் கம்பி தூக்கியவர், சுவருக்கு பெயிண்ட் அடித்தவர், ஏணியை நகர்த்தியவர்... 'மின்சாரம் தாக்கி தொழிலாளி பலி' செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவர்கள் இவர்கள்தான். 'ஒயரைக் கவனிக்காம தொட்டுட்டார்' என்று கடந்துவிடுகிறோம். பிரச்னை அது மட்டும்தானா?

விதி என்ன சொல்கிறது?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, 11,000 வோல்ட் லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். லைன் கட்டடத்துக்கு மேலே போனால் 3.7 மீட்டர்.

1.2 மீட்டர் என்றால் சுமார் 4 அடி. இது சுவருக்கான கணக்கு. சாரத்தில் நிற்பவர் கையில் 10 அடி கம்பி இருந்தால்? ஒரு முறை திரும்பினால் போதும், இடைவெளி காலி!

மெயினை ஆஃப் பண்ணினால் போதாதா?

போதாது. அது வீட்டுக்குள் வரும் கரண்டை மட்டும்தான் நிறுத்தும். தெருவில் போகும் லைனை மின்வாரியம்தான் நிறுத்த முடியும்.

மூங்கில் ஏணி பாதுகாப்பானதா?

அலுமினிய ஏணி கரண்டைக் கடத்தும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஈரமான மூங்கிலும் கடத்தும். 230 வோல்ட் ஷாக்கில் தரையில் நிற்பவர் உதறிப் பிழைக்கலாம். 15 அடி உயரத்தில் அதே உதறல் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

யார் பொறுப்பு?

லைனுக்கு அருகே கட்டுபவர், வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். லைனை மாற்றி அமைக்கும் செலவும் அவருடையதே. பணமும் நாளும் ஆகுமே என்று இதைத் தள்ளிப்போட்டால், மிச்சம் உரிமையாளருக்கு. ஆபத்து தினக்கூலிக்கு வந்த தொழிலாளிக்கு.

விபத்து நடந்துவிட்டால்?

* ஓடிப்போய் தொடாதீங்க. ஹெச்.டி. லைன் என்றால் குச்சியால் தள்ளிவிடுவதும் ஆபத்து.
* லைன் ட்ரிப் ஆகியிருந்தாலும் நம்பாதீங்க. சிறிது நேரத்தில் மீண்டும் சப்ளை வரலாம்.
* மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, ஆம்புலன்ஸுக்கு 108. சப்ளை நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பிறகே நெருங்குங்கள்.

உங்கள் வீட்டில் வேலை நடக்கிறதா? ஏணியைச் சாய்க்கும் முன் ஒருமுறை மேலே பாருங்கள். லைன் பக்கத்தில் இருந்தால், மேஸ்திரியிடம் 'பாத்துப் பண்ணுங்க' என்று சொன்னால் மட்டும் போதாது. சப்ளையை நிறுத்தும்வரை வேலையை நிறுத்துங்கள்.